தோற்போலி: கண்ணில் முளைக்கும் தோல்

குழந்தையின் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாகக் கீழே, அரிசிக் குருணை ஒட்டியதுபோல் வெளிர்மஞ்சளாய் ஒரு மேடு. டார்ச் அடித்துப் பார்த்தால் சிலவற்றில் மெல்லிய முடிகூட நீட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் சீட்டில் எழுதுவது 'லிம்பல் டெர்மாய்டு'. பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான் இது வரும்.

கிரேக்கத்தில் 'டெர்மா' என்றால் தோல். 'ஆய்டு' என்ற ஈறு 'போன்றது' என்று பொருள்படும். 'லிம்பஸ்' லத்தீனில் விளிம்பு. ஆக, விளிம்பில் உள்ள தோல் போன்ற ஒன்று. பெயர் பொய் சொல்லவில்லை: உள்ளே மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, கொழுப்பு என்று தோலின் சாமான்களே இருக்கும். கரு வளரும்போது தோலாக வேண்டிய திசு வழிதவறிக் கண்ணில் தங்கிவிடுகிறது. பிறக்கும்போதே இருப்பது, புற்றுநோயாக மாறுவது அரிதினும் அரிது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கட்டி' என்றதுமே வீட்டில் பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார். 'சதை வளர்ந்திருக்கு' என்பது பெரியவர்களுக்கு வரும் வேறொரு கோளாறு. எனக்குப் பிடித்தது 'தோற்போலி'. பள்ளிப் பாடத்தில் 'உலோகப்போலி' படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. போலி என்றால் போலி டாக்டர்தான் நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டுமே, இலக்கணத்திலும் போலி உண்டு. இல்முன் என்பது முன்றில் ஆகும். சொல் சரியானதே, பகுதிகள்தாம் இடம் மாறியிருக்கின்றன. கண்ணில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். இப்படி இடம் மாறிய திசு வளர்ச்சிக்கு மருத்துவம் வைத்த பொதுப்பெயர் 'கோரிஸ்டோமா'. அதன் கிரேக்க வேர் 'பிரிந்து நிற்பது' எனப் பொருள் தரும். அதை 'இடம்மாறு திசு' என்பேன்.

பெயர் சாதுவானது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மேடு கருவிழியின் வளைவைக் கெடுத்தால், ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் மங்கலாகத் தெரியும் சிதறல் பார்வை வரும். கவனிக்காவிட்டால் அது, அந்தக் கண்ணின் பார்வைத்திறன் சரியாக வளராத 'சோம்பேறிக் கண்'ணில் முடியலாம். கண்ணாடி போதுமா, சீவி எடுக்க வேண்டுமா என்பது அளவையும் ஆழத்தையும் பொறுத்தது. காதருகே தோல் துணுக்கும் இருந்தால், கண், காது, முதுகெலும்பு ஆகியவற்றில் பிறவிக் குறைகள் சேர்ந்து வரும் கோல்டன்ஹார் நோய்க்குறித் தொகுப்பா என்று பார்ப்பார்கள். 1952இல் அதை விவரித்த கண் மருத்துவரின் பெயர் அது.

கண்ணின் வெளிக்கோடியில், மேல் இமைக்கடியில் கொழுகொழுவென்று ஒரு வகை ஒளிந்திருக்கும். 'லிபோடெர்மாய்டு' என்பார்கள். தமிழில் கொழுப்புத் தோற்போலி.