‘இளம் வயது வந்தோர்’ என்றால் யார்?

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடை. ஆங்கில நாவல் தட்டுக்கு மேலே மூன்று மொழியிலும் அட்டை ஒட்டியிருந்தார்கள், தமிழில் ‘இளம் வயது வந்தோர் புனைகதை’ என்று இருந்தது. அதன் கீழே பாடசாலைச் சீருடையோடு ஒரு பிள்ளை, பதின்மூன்று பதினான்கு இருக்கும், நின்றபடியே ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். தாய் வந்து அட்டையை அண்ணாந்து பார்த்தார். “அது வயசு வந்த ஆக்களின்ர புத்தகம், வை பிள்ளை.” “இல்லையம்மா, என்ர வயசுக்காரருக்குத்தான்” என்று அவள் சொன்னது எடுபடவில்லை. அவர்கள் போன பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தேன். அண்ணன் தற்கொலை செய்துகொண்ட வீட்டில் வளரும் ஒரு தங்கையின் கதை.

தாயில் எனக்குக் கோபமே இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த அட்டையை அப்படித்தான் வாசிப்பார்.

அட்டையில் இருந்தது ‘யங் அடல்ட்’ என்ற ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. அது அமெரிக்க நூலகர்களிடம் புழங்கி நிலைத்த சொல். 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் அந்தப் பெயரில் ஒரு தனிப் பிரிவையே தொடங்கியது. பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான வாசகர்களை அது குறிக்கும். ‘அடல்ட்’, ‘அடொலசென்ட்’ இரண்டும் வளர்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை, ஒன்று வளர்ந்தவர், மற்றது வளர்கிறவர். ஆக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை வளர்ந்தவராகவே மதித்து அழைக்கிற பெயர் அது. மதிப்பு ஆங்கிலத்தில் கேட்கிறது, சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழில் கேட்காது.

ஏன் கேட்காது? ‘வயது வந்தோர்’ என்பதைத் தமிழர் முதலில் கண்ட இடம் சினிமாச் சுவரொட்டி, ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. அடுத்தது ‘வயசுக்கு வருவது’. நாங்கள் இங்கே பெரியபிள்ளையாவது, சாமத்தியப்படுவது என்போம், ஆனால் இந்தியப் படங்கள் பார்த்துப் பார்த்து ‘வயசுக்கு வந்துட்டா’ யாருக்கும் புதிதில்லை. மூன்றாவது சட்டம். இலங்கையில் 1989 முதல் பதினெட்டு வயது நிறைந்தவர்தான் வயது வந்தவர், அதற்கு முன் இருபத்தொன்று. அப்படியானால் பதினாலு வயதுப் பிள்ளை எந்தக் கணக்கில் ‘வயது வந்தோர்’? முன்னால் ‘இளம்’ போட்டதால் என்ன தெளிந்தது? ‘இளம் வயது, வந்தோர்’ என்று பிரித்தால் இளம் வயதை அடைந்தவர். ‘இளம், வயது வந்தோர்’ என்று பிரித்தால் இருபது இருபத்தைந்து வயதுக்காரர். இரண்டு வாசிப்பிலும் நூலகர் சொன்ன ஆள் இல்லை! மொழிபெயர்த்தவர் அகராதியில் ‘யங்’ பார்த்தார், ‘அடல்ட்’ பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அந்தத் தட்டின் முன்னால் யார் நிற்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. கொழும்பில் பலகை, படிவம், அறிவித்தல் என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான், தமிழ் இருக்கிறது என்று காட்டவே தமிழ் எழுதுகிறார்கள், வாசிக்கிறவருக்கு விளங்குகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த நாவல்களைப் பற்றி எழுதும்போது வரும் இன்னொரு வாசகமும் என்னைப் படுத்துகிறது: ‘கடினமான தலைப்புகளைக் கையாளும் நாவல்’. தலைப்பு என்றால் புத்தகத்தின் பெயர். கடினம் என்றால் ஓஎல் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம். வீட்டில் நடந்த சாவு, உறவுக்காரரின் தொடுகை, காணாமற்போன மாமா, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய், இவை விளங்கக் கடினமானவை அல்ல, பிள்ளைக்கு நன்றாக விளங்கும். பெரியவர்கள் வாய் திறக்காத விடயங்கள் இவை. அதற்குப் பாரதியே சொல் தந்துவிட்டுப் போயிருக்கிறார், ‘பேசாப் பொருளைப் பேச நான் துணிந்தேன்’ என்று. ‘பேசாப்பொருளைப் பேசும் நாவல்’ என்று எழுதுங்கள், அந்தத் தங்கையின் கதை அதற்குள் அப்படியே அடங்கும்.

சரி, வாசகருக்கு என்ன பெயர்? ‘இளைஞர் இலக்கியம்’ என்பார்கள். நம்மூர் இளைஞர் கழகத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் இருபதைத் தாண்டியவர்கள். ‘விடலை’யை எனக்குப் பிடிக்கும், ஆனால் பாட்டியல் என்கிற பழைய இலக்கண நூல் அதை முப்பது வயது வரைக்கும் நீட்டுகிறது, அதோடு அது ஆண்பிள்ளைக்கு மட்டும். பெண்ணுக்கு அங்கே பதினான்கு முதல் பத்தொன்பது வரை ‘மடந்தை’, வயது சரியாகப் பொருந்துகிறது, ஆனால் இன்றைக்கு எந்தப் பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது? ‘கட்டிளமைப் பருவம்’ எங்கள் சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இருப்பது, பிழையில்லாத சொல். ஆனால் கேட்டவுடன் அந்தப் பாடமும் வகுப்பில் எழுந்த கூச்சச் சிரிப்பும்தான் ஞாபகம் வரும், கதைப் புத்தகத் தட்டுக்கு அது வேண்டாம். ‘இளையோர்’ பரவாயில்லை, கொஞ்சம் அகலம் கூடிவிட்டது.

என் சொல் ‘பதின்வயது’. ஆங்கில ‘டீன்’ஐப் பார்த்துச் செய்தது என்று குறை சொல்வார்கள். இருக்கட்டும், எண்ணிப் பாருங்கள்: பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடுத்தது பத்தொன்பது, ‘பதின்’ அங்கே நின்றுவிடுகிறது. கீழே பன்னிரண்டிலும் அது இல்லை. பதினொன்று மட்டும் ஒதுங்கி நிற்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பத்தொன்பதும் ‘டீன்’தான், தமிழ் எண்ணோ பதினெட்டோடு, சட்டம் பிள்ளையை வயது வந்தவராக்கும் அதே இடத்தில், தானாகவே நிற்கிறது. கடன் வாங்கிய சொல்லுக்கு இப்படி அமையுமா? ‘பதின்மர்’ என்று மட்டும் சுருக்காதீர்கள், அது திருக்குறளுக்கு உரை எழுதிய பத்துப் பேரைச் சுட்டிப் பழகிய சொல். பதின்வயதினர் என்றே எழுதலாம்.

கடைசியாக ஒன்று. தமிழகத்தில் பலர் நாவலைப் ‘புதினம்’ என்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல சொல்தான். இங்கே வீட்டுக்கு வந்தவரிடம் “என்ன புதினம்?” என்று கேட்டால் ஊர்ச் செய்தி சொல்லத் தொடங்கிவிடுவார். அதனால் அந்தத் தட்டின் அட்டையில் ‘பதின்வயது நாவல்’ என்றே எழுதச் சொல்லிக் கடைக்காரரிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்டுவதாகச் சொன்னார்.