பதினேழரைச் சுற்றும் சில பாகை முந்துதலும்

ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்ப் பந்தயத்தில் புதிதாக இறங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “என் காரில் 17.5 சுற்று மோட்டார் இருந்தது. வேகம் போதவில்லை என்று 10.5 சுற்று மோட்டாரை வாங்கிப் பொருத்தினேன். பேட்டரியும் பற்சக்கரங்களும் பழையவைதான். ஒரு பந்தயம் ஓடி முடிப்பதற்குள் மோட்டாரைக் கையால் தொட முடியவில்லை. சுற்று குறைந்தால் வேகம் ஏன் கூடுகிறது? ஏன் இப்படிக் கொதிக்கிறது? அது போக, அந்த அரைச் சுற்று எங்கிருந்து வந்தது?”

இங்கே சுற்று என்பது மோட்டாருக்குள் செப்புக் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்ற எண். அரைச் சுற்றின் கதை சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தயக் கார்களில் இருப்பது, ஜப்பானின் மபுச்சி நிறுவனத்தின் மாதிரி எண்ணால் இன்றும் ‘540’ என்றே அழைக்கப்படும், ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார். முன்பு கார்பன் பிரஷ்களுடன் 27 சுற்று மோட்டார்கள் ஓடிய இடத்தில் இப்போது பிரஷ் இல்லாத மோட்டார்கள் ஓடுகின்றன. 1967 முதல் இயங்கிவரும் அமெரிக்காவின் ‘ரோர்’ போன்ற அமைப்புகள் 21.5, 17.5, 13.5 எனச் சுற்று எண்ணிக்கையை வைத்தே போட்டிப் பிரிவுகளை வகுக்கின்றன. இந்த மோட்டார்களில் செப்புக் கம்பி ஒரு முனையில் உள்ள இணைப்பிலிருந்து புறப்பட்டு, இரும்புப் பல்லைப் பதினேழு முறை முழுதாகச் சுற்றிவிட்டு, எதிர் முனையில் மற்ற இரண்டு சுருள்களின் கம்பிகளோடு நட்சத்திர இணைப்பில் சேர்ந்துவிடுகிறது. புறப்பட்ட பக்கத்துக்குத் திரும்பாத அந்தக் கடைசிப் பயணம்தான் அரைச் சுற்று.

சுற்று குறைந்தால் வேகம் கூடுவதற்குக் காரணம், பள்ளியில் நாம் படித்த எதிர் மின்னியக்கு விசைதான். சுழலும் காந்தம் சுருளில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அது பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும் வேகத்துக்கு மேல் மோட்டார் போக முடியாது. சுற்றுகள் குறைவாக இருந்தால் அந்தச் சமநிலையை எட்ட அதிக வேகம் தேவை. பாரம் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி என்ற எண்ணைப் பந்தயக்காரர்கள் ‘கேவி’ என்பார்கள். அது சுற்று எண்ணிக்கைக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறும்.

சுற்று குறைந்த மோட்டாருக்கு வேகம் உண்டு, இழுவை கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. இரும்புப் பற்களுக்கு இடையே கம்பிக்கு உள்ள இடம் மாறாது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுகளைப் பாதியாக்கினால் கம்பியின் குறுக்குப் பரப்பை இரட்டிப்பாக்கலாம், நீளமும் பாதியாகிவிடும், ஆகவே மின்தடை நான்கில் ஒன்றாகும். அதே திருப்பு விசையைத் தர இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செப்பில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி வருவது. நான்கை நான்கில் ஒன்றால் பெருக்கினால் ஒன்றே வருகிறது. அதாவது, ஒரே திருப்பு விசைக்கு இரண்டு மோட்டார்களின் செப்பும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் வெளியிடும். இரட்டித்த மின்னோட்டத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவை பேட்டரியும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அவற்றை இணைக்கும் கம்பிகளும்தான். அவற்றின் மின்தடை குறையாததால் அங்கே இழப்பு நான்கு மடங்காகிறது.

அப்படியானால் வாசகரின் மோட்டார் ஏன் கொதித்தது? பற்சக்கரத்தை மாற்றாததால்தான். இரும்பில் ஏற்படும் இழப்புகளைச் சற்று ஒதுக்கிவைத்தால், முழு மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டாரின் திறமை (உள்ளே போகும் திறனில் சுழற்சியாக மாறும் பங்கு), அது அப்போது சுழலும் வேகத்துக்கும் பாரமில்லா வேகத்துக்கும் உள்ள விகிதமே. வளைவிலிருந்து வெளியேறும்போது பழைய மோட்டார் தன் பாரமில்லா வேகத்தில் 60 விழுக்காட்டில் சுழன்றது என்று கொண்டால், உள்ளே போகும் திறனில் 40 விழுக்காடு வெப்பமானது. 10.5 சுற்று மோட்டாரின் பாரமில்லா வேகம் 1.67 மடங்கு, அதே பற்சக்கரங்களோடு, அதே கார் வேகத்தில் அது 36 விழுக்காட்டில்தான் சுழலும். பேட்டரியிலிருந்து பல மடங்கு கூடுதலாக உறிஞ்சும் திறனில் 64 விழுக்காடு வெப்பமாகிறது. நேர்ப்பாதையில் இன்னொரு சுமையும் உண்டு: காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப்படி உயர்வதால், 1.67 மடங்கு வேகத்துக்கு 4.6 மடங்கு திறன் வேண்டும்.

ஆகவே மோட்டாரின் தண்டில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனைச் சிறிதாக்க வேண்டும். அது சுழற்றும் பெரிய ஸ்பர் பற்சக்கரத்தில் 96 பற்கள், பினியனில் 48 பற்கள், ஸ்பருக்கும் கார்ச் சக்கரங்களுக்கும் இடையிலான உள்விகிதம் 1.9 என்றால் மொத்த விகிதம் 3.8. டயரின் விட்டம் 63 மில்லிமீட்டர் எனில், மோட்டாரின் ஒவ்வொரு சுழற்சிக்கும் கார் 52 மில்லிமீட்டர் நகரும். பினியனை 29 பற்களுக்குக் குறைத்தால் மொத்த விகிதம் 6.3 ஆகி, புதிய மோட்டாரின் வேகக் கூடுதலை அப்படியே ஈடுகட்டும். அங்கிருந்து தொடங்கி, வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பல்லாக ஏற்றுவதுதான் முறை. மோட்டார் சுடுவது அளவுக்கு மீறிச் சுழல்வதால்தான் என்று எண்ணிப் பினியனைப் பெரிதாக்குபவர்கள் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மோட்டாரின் பின்மூடியில் உள்ள திருகுகளைத் தளர்த்தி, மூடியைச் சில பாகை திருப்பி, மீண்டும் இறுக்கினால் அதே மோட்டார் கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. சுருள் மாறவில்லை, காந்தம் மாறவில்லை, பேட்டரியும் மாறவில்லை. மூடிக்குள் இருப்பது மூன்று ஹால் சென்சார்களைத் தாங்கிய சிறு பலகை மட்டுமே. சுழலும் காந்தமான ரோட்டரின் முனை எங்கே இருக்கிறது என்பதை அவை கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்ல, கருவி ஒரு சுழற்சியில் ஆறு முறை மின்னோட்டத்தைச் சுருள்களுக்கிடையே மாற்றிவிடுகிறது. பலகையை நகர்த்துவது என்றால், காந்தம் இன்னும் வந்து சேராத இடத்தில் வந்துவிட்டதாகக் கருவியிடம் பொய் சொல்வதுதான்.

இந்தப் பொய் ஏன் பலன் தருகிறது? சுருளுக்குத் தன் மின்தூண்டல் உண்டு. மின்னழுத்தத்தைக் கொடுத்த கணத்திலேயே மின்னோட்டம் முழு அளவை எட்டிவிடாது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் அந்த ஆறு மாற்றங்களில் ஒவ்வொன்றுக்கும் 3.3 மில்லி விநாடி கிடைக்கிறது; மின்னோட்டம் நிதானமாக ஏறி வேலை செய்யலாம். 30,000 சுழற்சியில் கிடைப்பது 0.33 மில்லி விநாடி மட்டுமே. மின்னோட்டம் ஏறி முடிப்பதற்குள் காந்தம் கடந்துபோய்விடுகிறது. சுருளின் காந்தப்புலம் ரோட்டரை எப்போதும் சற்றுப் பின்தங்கியே துரத்துகிறது. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர், சக்கரம் இப்போது இருக்கும் இடத்தில் கட்டையை வைப்பதில்லை. அது வரப்போகும் இடத்தில் வைக்கிறார், தேர் வேகமெடுக்க எடுக்க இன்னும் முன்னதாக வைக்கிறார். சென்சாரை முன்தள்ளுவதும் அதே கணக்குதான்.

இதற்குள் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. ஒரு சுருளில் தூண்டப்படும் எதிர் மின்னழுத்தம் காந்தம் நெருங்க நெருங்க உயர்கிறது. சரியாக அது உச்சத்துக்கு வரும் வேளையில் சுருளைப் பேட்டரியோடு இணைத்தால், பேட்டரிக்கு மின்னோட்டத்தை உள்ளே தள்ள மிச்சமிருக்கும் அழுத்தம் சொற்பம். எதிர் மின்னழுத்தம் இன்னும் தாழ்ந்திருக்கும்போதே இணைத்துவிட்டால் மின்னோட்டம் முன்கூட்டியே உள்ளே நுழைந்து இடம் பிடித்துக்கொள்கிறது. மேலும் முன்தள்ளினால், சுருளின் புலத்தில் ஒரு பகுதி ரோட்டரின் புலத்தை எதிர்க்கத் தொடங்கும். காந்தம் வலுவிழந்ததுபோல் ஆகி, வேக வரம்பு இன்னும் உயரும். இதற்கான விலையும் அங்கேயே இருக்கிறது: ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் திருப்பு விசை குறைகிறது, பாரமில்லாதபோதே மின்னோட்டம் ஏறுகிறது, வெப்பம் கூடுகிறது. அதனால்தான் தேர்ந்த பந்தயக்காரர்கள் ‘டைமிங்’ எனப்படும் இந்த முன்தள்ளும் கோணத்தை ஏற்றும்போது பினியனில் ஓரிரு பற்களைக் குறைத்துவிடுகிறார்கள்.

மூடியைத் திருப்பி வைக்கும் கோணம் நிலையானது என்பதுதான் அதன் குறை. உயர் வேகத்துக்குப் பொருத்தமான கோணம், வளைவிலிருந்து மெதுவாக வெளியேறும்போது வீண் மின்னோட்டத்தையே தரும். தடையற்ற பிரிவில் ஓடும் கார்களில் இதைக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருள் தீர்க்கிறது: ‘பூஸ்ட்’ என்னும் அமைப்பு வேகம் உயர உயரக் கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது, ‘டர்போ’ முழு ஆக்சிலரேட்டரில், நேர்ப்பாதையில் மட்டும் மேலும் சில பாகைகளைச் சேர்க்கிறது. ஆனால் 17.5 போன்ற பிரிவுகளில் பெரும்பாலும் இவை தடை செய்யப்பட்டிருக்கின்றன. கருவி தன் பங்குக்கு எந்தக் கோணத்தையும் சேர்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும். ‘பிளிங்கி’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. செலவைக் கட்டுப்படுத்தவே இந்த விதி. எனக்கோ, திருகாணியும் பினியனும் மட்டுமே கருவிகளாக மிஞ்சும் இந்தப் பிரிவுதான் இயற்பியலை நன்றாகக் கற்றுத்தருவதாகத் தோன்றுகிறது. பொறியியல் கல்லூரிகள் பெரிய ஆய்வகங்களுக்கான நிதிக்காகக் காத்திருக்கும் வேளையில், இப்படிச் சில மோட்டார்களை மாணவர் கையில் கொடுத்தாலே மின்னியந்திரப் பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

பந்தயக் களத்தில் மூடநம்பிக்கைக்கும் பஞ்சமில்லை. புது மோட்டாரைப் பேட்டரியில் நெடுநேரம் ஓடவிட்டுப் ‘பழக்க’ வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கார்பன் பிரஷ் இருந்த காலத்தில் பிரஷின் முகம் அது உரசும் உருளையின் வளைவுக்கு ஏற்பத் தேய வேண்டியிருந்ததால் அதற்குப் பொருள் இருந்தது. பிரஷ் இல்லாத மோட்டாரில் அப்படிப் பழக எதுவும் இல்லை. மூடியில் பொறித்திருக்கும் பாகைக் கோடுகளையும் வேதவாக்காகக் கொள்ள முடியாது. ஒரு தயாரிப்பின் 40 பாகை மற்றொன்றின் 40 பாகையாக இருப்பதில்லை. சோதனைக் கருவியில் பாரமின்றி ஓடவிட்டு, மின்னோட்டத்தையும் கேவியையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. மூடியைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஏறும். கேவி சற்றே ஏறுவதற்கு மின்னோட்டம் தாவி ஏறத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இறுதித் தீர்ப்பைச் சொல்வது அகச்சிவப்பு வெப்பமானி. பந்தயம் முடிந்தவுடன் மோட்டாரின் உறை 70 முதல் 80 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. செப்பின் மின்தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்வதால், 25 பாகையிலிருந்து 85 பாகைக்குச் சுருள் சூடானால் மின்தடை கிட்டத்தட்ட 23 விழுக்காடு கூடிவிடும். நியோடிமியம் காந்தமோ சூட்டில் தளர்கிறது. தளர்ந்த காந்தத்தோடு அதே திருப்பு விசையைத் தர மேலும் மின்னோட்டம் தேவைப்படுகிறது. அந்த மின்னோட்டம் மேலும் சூடாக்குகிறது. ஓரளவு வரை இந்தத் தளர்ச்சி குளிர்ந்ததும் மீண்டுவிடும், அந்த எல்லையைத் தாண்டினால் மீளாது. கொதித்த 10.5 மோட்டாரை வாசகர் நன்றாக ஆறவிட்டு, மூடியின் கோணத்தை மாற்றாமல், சோதனைக் கருவியில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். புதிதாக வாங்கியபோது காட்டிய கேவியைவிட இப்போது தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால் அது வேகம் கூடியதன் அடையாளமல்ல. காந்தம் வலுவிழந்துவிட்டது என்று பொருள், ரோட்டரை மாற்ற வேண்டியிருக்கும்.