ஒரே பொத்தான், இரண்டு சுரம்

மெரெங்கே வீடியோ ஒன்றை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்த அக்கார்டியன்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ஆனாலும் சுரம் மாறுகிறதே, எப்படி?" கூர்மையான கண்தான். மெரெங்கே என்றால் நாமெல்லாம் ஆடுகிறவர்களின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஹைத்தியோடு ஒரே தீவைப் பங்குபோட்டிருக்கும் டொமினிகன் குடியரசின் இசை இது. நாட்டின் வடக்கே சிபாவோ பகுதியில் புகையிலை விளையும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஜெர்மனிக்குக் கப்பலேறியது; அந்த வியாபாரத்தின் வழியே ஜெர்மன் அக்கார்டியன் வந்து இறங்கியது. அதுவரை கிட்டார் வகைக் கம்பி வாத்தியங்கள் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. கூடவே, மடியில் கிடத்தி ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிக்கும் தம்போரா, உலோகத் தகட்டுக் குழாயைக் கம்பிகளால் உரசும் குவிரா. சரி, துருத்தியை அழுத்தியும் இழுத்தும் வாசிக்கும் அந்த அக்கார்டியன் பெட்டியைத் திறப்போம்.

இரும்பு ஸ்கேலை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்து முனையைத் தட்டி, வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைக் குறைத்தால் ஒலி ஏறும். எவ்வளவு ஏறும் என்பதில்தான் வேடிக்கை. கம்பியைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு. ஒரு முனை இறுகிய தகட்டைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி! அத்தனை சுரங்களும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்குவது இதனால்தான்.

அக்கார்டியனுக்குள் அந்த ஸ்கேல் மெல்லிய எஃகு நாக்காக இருக்கிறது. உலோகத் தட்டில் நீள்துளை ஒன்று. அதன்மேல் நாக்கை ஒரு முனையில் மட்டும் ஆணியடித்திருப்பார்கள். மறுமுனை லேசாகத் தூக்கி நிற்கும். துருத்திக் காற்று நாக்கு இருக்கும் பக்கமிருந்து வந்தால் அதைத் துளைக்குள் இழுக்கும். துளை அடைபடும், காற்று தடைபடும். நாக்கு தன் விறைப்பால் திரும்பித் துள்ளும், காற்று மறுபடி பாயும். நொடிக்கு 440 தடவை இப்படித் துண்டு துண்டாக வரும் காற்றுதான் நம் காதில் ஒரு சுரம். நாக்கை நகத்தால் சுண்டிப் பாருங்கள், லேசாக முனகும், அவ்வளவே.

ஆனால் இது ஒருவழிப் பாதை. எதிர்ப்பக்கமிருந்து காற்று வந்தால் நாக்கு விலகி வழிவிட்டு ஊமையாகிவிடும். அதனால் அதே தட்டின் மறுமுகத்தில் இன்னொரு நாக்கு. துருத்தியை அழுத்தினால் ஒன்று பேசும், இழுத்தால் மற்றது. பியானோக் கட்டை வைத்த அக்கார்டியனில் இரண்டுக்கும் ஒரே சுரம். மெரெங்கேயின் பொத்தான் பெட்டியில் வேறு வேறு. வாசகர் பார்த்தது இதைத்தான். வீட்டில் பத்துத் துளை மவுத் ஆர்கன் இருந்தால் நான்காம் துளையில் ஊதுங்கள், 'ச'. உறிஞ்சுங்கள், 'ரி'. அதே ஏற்பாடு.

மெரெங்கே பெட்டியின் ஒரு பொத்தான் வரிசையில் துருத்தியை அழுத்தும்போது ச, க, ப மட்டும் வருவதால் பக்கத்துப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினாலும் இனிமை கெடாது. ஒவ்வொரு திசைமாற்றமும் ஒரு சின்ன வெட்டு. மெரெங்கேயின் படபடப்பில் பாதி இந்த வெட்டுகள்தான் என்பேன். வேகமான இடங்களில் கைதேர்ந்தவர்கள் அடுத்த வரிசையில் அதே சுரத்தைத் தேடிப் பிடித்து, துருத்தியைத் திருப்பாமலே போய்விடுவார்கள்.

நம் ஹார்மோனியத்துக்குள்ளும் இதே நாக்குதான். சுரம் உலோகத்திலேயே வெட்டப்பட்டிருப்பதால், சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடைசெய்து 1971 வரை ஒதுக்கியே வைத்தது. குறை உண்மை, அதற்கு முப்பது வருடத் தண்டனை கொஞ்சம் அதிகம். டொமினிகன்காரர்களோ வளையாத சுரத்தை வைத்தே ஊரை ஆடவிட்டார்கள். 2016இல் மெரெங்கே யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

அப்புறம், சுருதி தப்பினால்? அரம்தான் மருந்து. நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து இறங்கும். அடியில் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் நுனியைச் சுரண்டி ஈடுகட்ட வேண்டும்; இரண்டு பக்கமும் மெலிந்துபோனால் புது நாக்குதான்.