தாமதமான கட்டடத்துக்கு முழு மதிப்பெண் எப்படி?

“கட்டட வேலை 90 சதவீதம் முடிந்துவிட்டது என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்களே, அந்தக் கணக்கை எப்படித்தான் போடுகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

‘பாதி முடிந்தது’ என்று கண்ணளவில் சொல்வதை நல்ல பொறியாளர்கள் ஏற்க மாட்டார்கள். ஒரு தூண் என்றால் கம்பி கட்டி முடிக்க 30 புள்ளி, பலகை அடைக்க 20, கான்கிரீட் போட 40, பலகை பிரிக்க 10 என்பதுபோல முன்கூட்டியே பிரித்துவைப்பார்கள். கம்பி முக்கால்வாசி கட்டியிருந்தாலும் பூஜ்யம்தான். இப்படிச் சேர்ந்த புள்ளிகளை, திட்டப்படி இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டிய புள்ளிகளால் வகுத்தால் வேகக் குறியீடு வரும். 1 வந்தால் வேலை திட்டப்படி போகிறது, குறைந்தால் தாமதம்.

இந்தக் குறியீட்டுக்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. மாதம் 10 புள்ளி வீதம் 10 மாதத்தில் 100 புள்ளி என்பது திட்டம். நடப்பதோ மாதம் 8. ஐந்தாம் மாதம் 50க்கு 40, அதாவது 0.8. பத்தாம் மாதமும் 0.8. அதன் பிறகு திட்டத்தில் சேர்க்க எதுவுமில்லை. வகுக்கும் எண் 100லேயே நின்றுவிடுகிறது. வேலை மட்டும் மெல்ல ஏற ஏற, 12ஆம் மாதம் 0.96. பன்னிரண்டரை மாதத்தில் 1! இரண்டரை மாதம் பிந்திய கட்டடத்துக்கு முழு மதிப்பெண். எவ்வளவு தாமதமானாலும் முடிவில் 1தான் வரும்.

2003இல் திட்ட மேலாண்மை வல்லுநர் வால்ட் லிப்கி இதற்கு அழகான மாற்று சொன்னார். புள்ளியைப் புள்ளியோடு ஒப்பிடாமல் காலத்தோடு காலத்தை ஒப்பிடுங்கள் என்றார். இன்று கையிலிருக்கும் 40 புள்ளி, திட்டப்படி எந்த மாதம் வந்திருக்க வேண்டும்? நான்காம் மாதம். இப்போது ஐந்து. 4 ÷ 5 = 0.8. பன்னிரண்டாம் மாதம் 96 புள்ளி. திட்டப்படி அது 9.6ஆம் மாதத்துக்கு உரியது. 9.6 ÷ 12, மறுபடியும் 0.8. கடைசி நாள்வரை உண்மை மாறுவதில்லை. 10ஐ 0.8ஆல் வகுத்தால் 12.5. இதே வேகத்தில் போனால் எப்போது முடியும் என்பது ஐந்தாம் மாதமே தெரிந்துவிடுகிறது!

ஒரு எச்சரிக்கை. பூச்சு வேலை வேகமாக ஓடிப் புள்ளிகளைக் குவிக்கலாம். லிஃப்ட் வராமல் கட்டடத்தைத் திறக்க முடியாது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் மொத்தமும் ஒரு நாள் பிந்துமோ, அப்படிப்பட்ட வேலைகளின் சங்கிலியைத் தனியாகக் கண்காணித்தே ஆக வேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய ‘கிரிட்டிகல் பாத்’ (Critical Path) முறை அதற்குத்தான்.

பொதுப்பணத்தில் எழும் கட்டடங்களின் மாத அறிக்கையில் சதவீதத்தோடு இந்தக் கணக்குப்படி முடியும் தேதியையும், அந்தச் சங்கிலியில் இப்போது எந்த வேலை நிற்கிறது என்பதையும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். எந்த வேலை எப்போது என்ற திட்ட அட்டவணை கையிலிருந்தால் இதற்குத் தனிச் செலவு கிடையாது.