விற்கும் முன் காரை ஒரு முறை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்

நடுவழியில் அணைந்துபோகிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாதத் தவணையில் வேறொன்றை எடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடைசியாக அப்படி ஒருவர் விற்ற கார், வாங்கியவர் ஓட்டிவர என் பணிமனைக்கே வந்து சேர்ந்தது. எஞ்சின் சூடேறினால், அதன் சுழற்சியைக் காரின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் செத்துவிடுகிறது, ஆறியதும் உயிர் பெறுகிறது. அதை மாற்ற ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. விற்றவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான இன்னொருவர் இருக்கிறார். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தாயிற்று, ஏசி கம்ப்ரஸர் மாற்றியாயிற்று. இப்போது கியர்பாக்ஸ் வழுக்குகிறது. துருவேறிய அடிப்பகுதியில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறது. "இவ்வளவு போட்டுவிட்டேனே அண்ணா, இனி எப்படி விடுவது?" என்கிறார். விடத்தான் வேண்டும்.

இருவர் செய்ததும் ஒரே தவறு. கார் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள்.

"வண்டியை நம்ப முடியவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது நிற்கிறது என்றுதான். "எப்போது வேண்டுமானாலும்" என்பார்கள். அப்படி ஒரு கார் கிடையாது. நமக்குக் காரணம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். சூடாக ஓடியபின் அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்புகிறதா? கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மூன்றையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். மழையில் மட்டும் உதறினால் காயில், பிளக் ஒயர் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் நிரப்பிய கையோடு கிளம்ப மறுத்தால், டாங்கின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடக்கலாம். சாவியைத் திருப்பும்போது டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்தால், பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பேட்டரி முனைகளையும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் முதலில் பாருங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாக மாற்றிவிட்டுக் கடைசியில் அந்த எர்த் ஒயரில் வந்து நின்ற கார்கள் உண்டு. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆனபின் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். மீட்டரை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை.

காரின் கணினியோடு இணைத்துக் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேனரில் வரும் எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. கணினி எந்த இடத்தில் முரண்பாட்டைக் கண்டது என்பதை மட்டும் சொல்கிறது. பி0171 என்று வந்தால் எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் காரணம் விரிசல் விட்ட ஒரு வேக்கம் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய காற்று சென்சாராக இருக்கலாம், தளர்ந்துபோன பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்த உடனே ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றுகிறவர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. "மாற்றிப் பார்ப்போம்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால், உங்கள் பணத்தில் அவர் ஊகம் செய்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அவரைப் போலவே குற்றவாளி, கோளாறு கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி தர மறுக்கும் வாடிக்கையாளர். "சும்மா பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். சும்மா பார்த்தால் சும்மாதான் தெரியும்.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "காரின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் விற்றுவிட வேண்டும்." இதை யார் முதலில் சொன்னார்களோ, படித்தவர், படிக்காதவர் என்று எல்லோரும் சட்டம்போல ஒப்பிக்கிறார்கள். காரின் சந்தை விலை என்பது, விற்றால் உங்கள் கையில் வரும் தொகை மட்டுமே. அந்தக் கார் உங்களுக்குச் செய்யும் வேலையின் மதிப்பு அதில் இல்லை. நாளை காலை எட்டு மணிக்கு நீங்கள் வேலைக்குப் போவதற்குச் சந்தை விலை உதவாது.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஓடும் நிலையில் உங்கள் காருக்கு 100 கிடைக்கும் என்று வையுங்கள். ரிப்பேருக்கு 70 கேட்கிறார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது, விற்றுவிடலாம் என்கிறீர்கள். ஆனால் ஓடாத காருக்கு யாரும் 100 தரமாட்டார்கள். 50 தந்தால் பெரிது. ரிப்பேருக்கு ஒதுக்கிய 70-ஐச் சேர்த்தால் உங்கள் கையில் இருப்பது 120. அந்த 120-இல் பெயர் மாற்றச் செலவு, காப்பீடு, அலைச்சல் எல்லாம் போக மீதியில் என்ன கார் வாங்குவீர்கள்? ஏறக்குறைய இதே வயதுடைய கார்தான் கிடைக்கும். உங்கள் காருக்கு எப்போது ஆயில் மாற்றினீர்கள், எப்போது சூடேறியது, எங்கே இடித்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வாங்கும் அந்தப் பழைய காரைப் பற்றி விற்பவர் சொன்னது மட்டும்தான் தெரியும். அதை அவர் ஏன் விற்கிறார் என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் நீங்கள் விற்கும் அதே காரணத்துக்காகத்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது இதுதான்: இந்த 70-ஐப் போட்டபின், மீதிக் கார் எப்படி இருக்கிறது? அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வேறு பெரிய செலவு கண்ணில் படவில்லை என்றால், பாதி விலை முக்கால் விலை என்று பார்க்காமல் வேலையைச் செய்துவிடுங்கள். இந்த 70-க்குப் பின்னால் இன்னொரு 60 வரிசையில் நிற்கிறது என்றால், 70-ஐயும் போடாதீர்கள்.

புதுக் கார்தான் எடுக்கப்போகிறேன் என்பவர்கள் தவணையை மட்டும் பார்க்கக் கூடாது. பொதுவாகப் புதுக் காரின் மதிப்பு வேகமாகச் சரிவது முதல் ஆண்டில்தான். கூடுதல் காப்பீடும் வட்டியும் தனி. ஓர் ஆண்டுக்கு இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, பழைய காருக்குப் போன ஆண்டு உண்மையில் எவ்வளவு செலவானது என்று பில்களை வைத்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் கோபம்தான் கணக்கில் வரும்.

"இவ்வளவு போட்டுவிட்டேனே" என்பவர்களுக்கு: போட்ட பணம் போய்விட்டது. வைத்துக்கொள்வதற்கும் விற்பதற்கும் அது காரணமாகாது. ஆனால் போட்ட பாகம் கணக்கில் வரும். போன ஆண்டு மாற்றிய கிளட்ச் இந்த ஆண்டு செலவு வைக்காது என்பது உண்மையான லாபம். பில்லின் தொகையை மறந்துவிட்டு, பில்லில் உள்ள பாகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம், பணிமனையில் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் ஏற்றி, பாகம் பாகமாகப் பார்த்து ஒரு பட்டியல் போட வேண்டும். பட்டியலை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உயிருக்கு ஆபத்தானவை, நடுவழியில் நிறுத்தக்கூடியவை, வெறும் தொல்லைகள். பவர் விண்டோ இறங்காததும், டேஷ்போர்டு கிறீச்சிடுவதும் மூன்றாவது வகை. நம்பவே மாட்டீர்கள், காரை விற்கும் முடிவுக்குப் பலரைத் தள்ளுவது இந்த மூன்றாவது வகைதான். முதல் வகை சத்தமே போடாது. அதனால் யாரும் கேட்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ தேயவில்லை என்று பத்து ஆண்டு டயரில் நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். "எங்கள் கார் அதிகம் ஓடவே இல்லையே" என்று சிரிக்காதீர்கள். ரப்பர் கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை. தினமும் பக்கத்துத் தெரு வரை போய்வரும் காரில் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடாவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஆயிலைக் கெடுக்கிறது. மீட்டரில் குறைவாக ஓடிய பழைய கார் என்றாலே நான் சற்று ஜாக்கிரதையாகத்தான் திறப்பேன்.

ஏர்பேக் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன். தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் (பையை விரிக்கும் கருவிகளில்) இருந்த அமோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்து முகத்தில் எறிந்தது. பல நாடுகளில் உயிர்கள் போயின. பல கோடிக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017-இல் திவாலானது. அந்தக் காலத்துக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட உங்கள் காரின் அடையாள எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, நிலுவையில் திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால், பொதுவாக அந்த வேலையைத் தயாரிப்பாளர் தன் செலவிலேயே செய்துகொடுப்பார்.

சரி, எப்போது விடுவது?

துரு கட்டமைப்பைத் தொட்டுவிட்டால் விடுங்கள். கதவின் ஓரத்துத் துரு அழகுப் பிரச்சினை. சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேமின் பிடிமானம், கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ் போன்ற இடங்களில் உளுத்துப்போயிருந்தால், விபத்தில் உங்களைக் காக்க வேண்டிய கூடு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. அதன் மேல் தகடு ஒட்டி, பெயின்ட் அடித்து, "இன்னும் அஞ்சு வருடம் ஓடும்" என்று யாராவது சொன்னால் அவரைத் தன் குடும்பத்தோடு அதில் போகச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரையும் விடுங்கள். ஒயரிங் இணைப்புகளுக்குள் தொடங்கும் அரிப்பு பல மாதம் கழித்து ஒவ்வோர் இடமாகத் தலைகாட்டும். அதைத் துரத்திப் பிடிப்பது எனக்கே வேண்டாத வேலை.

மோசமாகச் சூடேறிய எஞ்சின் என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று அவசரப்படாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று அளந்து பார்த்தபின் பேசுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேரத்தில் போனால் விடைகொடுக்க அதுவே போதுமான காரணம். உதிரி பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டாலும் அப்படித்தான்.

பாதுகாப்புக்காக மாற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். வழுக்கும்போது காரை நேராக வைத்திருக்க உதவும் இஎஸ்சி வசதி, அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இறுதியிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களில் அது கிடையாது. அதை எந்த ரிப்பேரும் கொண்டுவராது. அதேபோல, இரவுப் பணிக்குத் தனியாக ஓட்டிப் போகிறவரும், நோயாளியை வாராவாரம் அழைத்துப் போகிறவரும் நடுவழியில் நிற்கும் அபாயத்துக்கு என்னைவிட அதிக விலை போடலாம். அது நியாயம். ஆனால் கோளாறு என்ன என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கார் மீட்பு வண்டியில் ஏறிய நாளில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். அன்று யார் வந்து என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடத் தோன்றும். பெரிய வேலை என்று ஒரு மெக்கானிக் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். நான் சொன்னாலும் காட்டுங்கள், எனக்குக் கோபம் வராது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விற்பது என்று முடிவாகிவிட்டாலும், சாவியைக் கைமாற்றும் நாள் வரை பிரேக்கிலும் டயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய காருக்குப் பதில் இன்னொரு பழைய கார் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் அதையும் லிஃப்டில் ஏற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே காட்டச் சொல்லுங்கள். முதல் முறை கிளம்பும்போது வரும் சத்தமும் புகையும் பல உண்மைகளைச் சொல்லிவிடும். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.