மறதி என்று வருபவர்களிடம் குறட்டையைப் பற்றி ஏன் கேட்கிறேன்?

மறதிக்காக அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இரவைப் பற்றித்தான். குறட்டை விடுகிறாரா? அது திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறி மூச்சை இழுக்கிறாரா? காலையில் தலையிடியோடு எழும்புகிறாரா? பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுகிறாரா? மறதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுபோல் பார்ப்பார்கள்.

தொடர்பு இருக்கிறது. உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேர்த்து வைக்கவும் மூளைக்கு வழியில்லை. புதிய விஷயங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, ஒட்சிசன் குறைந்தால் சீக்கிரம் பாதிக்கப்படும் இடங்களில் ஒன்று.

திருகோணமலைத் திருக்கடலூரிலிருந்து வந்த ஒரு மீனவரின் மனைவி சொன்னார்: "மூச்சு திரும்ப வருமோ எண்டு நான்தான் விடிய விடிய முழிச்சிருக்கிறன் டொக்டர்." அந்த மீனவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் இறங்கும், மூளை விழித்துக்கொள்ளும். பகலில் கேட்டதையும் பார்த்ததையும் மூளை ஒழுங்காகப் பதிந்துவைக்க ஆழ்ந்த நித்திரை வேண்டும், அது கிடைக்காது. நித்திரை சரியில்லை என்று பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குளிசையும் சாராயமும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்பதைக் கூட்டும். தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி ஊதும் முகமூடி போட்டுத் தூங்கத் தொடங்கிய பிறகு அவருடைய பகல் தூக்கம் போனது, நினைவும் தெளிந்தது. எல்லோருக்கும் இப்படி முழுதாகத் திரும்பும் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கத்து வயதான பெண்கள். வாழ்நாளில் ஒரு பீடியும் தொடாதவர்கள், ஆனால் காலம் முழுக்க விறகடுப்புப் புகையை உள்ளே இழுத்தவர்கள். புகைபிடிப்பவருக்கு வரும் அதே நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இவர்களுக்கும் வந்து, ஒட்சிசன் குறையலாம். மூச்சு வாங்குவதையும் வயது என்பார்கள், மறதியையும் வயது என்பார்கள். சந்தைக்கு நடந்து போய்வர முன்பு நிற்காதவர் இப்போது வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்றால் நுரையீரலைப் பரிசோதிக்க வேண்டும். அவர் புகைபிடித்ததில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. சாதாரணமாக 95 முதல் 100 வரை காட்டும். திரும்பத் திரும்ப 92க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் பகலில் 97 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், இரவில் இறங்குவது அதில் தெரியாது. இரத்தச்சோகை உள்ளவருக்கும் 98 காட்டலாம், மொத்தமாகப் போகிற ஒட்சிசன் குறைவாகவே இருக்கும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைக் குழப்பும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் வரும் காபன் மொனொக்சைட் நஞ்சேறியவருக்கும் அது நல்ல அளவையே காட்டும். அந்த நஞ்சால் வரும் மறதி சில வாரம் கழித்தும் தலைகாட்டலாம்.

அளவு குறைந்தது என்று நீங்களாகவே சிலிண்டர் எடுத்து ஒட்சிசனைக் கூட்டிவைக்கவும் வேண்டாம். நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு நாங்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் காபனீரொட்சைட்டு தேங்கி, மயக்கமும் தடுமாற்றமும் வரும்.

மறதி எல்லாமே ஒட்சிசனால் வருவதில்லை. அல்சைமர், தைரொயிட், வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்போம். கிளினிக்குக்கு வரும்போது போடுகிற குளிசைகள் அத்தனையையும், கூடவே அவருடைய அறையில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆட்களை மாறிப் பேசுகிறார், மூச்சு வேகமாக இருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். நியூமோனியாவாக இருக்கலாம். இலங்கையில் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.