31/75: உறையில் எண் இருக்கிறது, உள்ளே பாட்டு இருக்கிறதா?

சென்ற மாதம் ஒருவர் துணியில் சுற்றிய அட்டை உறை ஒன்றைக் கொண்டுவந்தார். கையால் அச்சிட்ட உறை. பின்பக்கம் பென்சிலில் 31/75 என்று எழுதியிருந்தது; மொத்தம் 75 பிரதிகளில் இது 31-ஆவது என்று பொருள். 2004-இல் ஐரோப்பாவிலிருந்து தபாலில் வரவழைத்த சிடி ஆல்பமாம். தனி ஒருவர் வீட்டிலிருந்து நடத்திய இசை நிறுவனம் அது. மூடியே பல வருடங்கள் ஆகின்றன. “நாலாவது பாட்டில் நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தும் சரியாகவில்லை” என்றார். தட்டைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெளிர் பச்சை. துடைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். தாத்தா காலத்து அரக்குத் தட்டுகள் பரணிலிருந்து இறங்கி என் மேசைக்கு வருகின்றன. கீறலும் தூசியுமாக இருந்தாலும் பாடிவிடுகின்றன. இருபது இருபத்தைந்து வருடமே ஆன, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த ‘குறைந்த பிரதி’ ஆல்பங்கள்தான் ஊமையாகி வருகின்றன. வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்க்கிறார்கள், தட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்பதில்லை.

தொழிற்சாலையில் அச்சடித்த சிடியில் இசை என்பது பிளாஸ்டிக்கிலேயே பதிந்த நுண்குழிகள். அதற்கு முதலில் கண்ணாடி மூலமும் உலோக அச்சும் செய்ய வேண்டும். 75 தட்டு போட்டாலும் 5,000 போட்டாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால் ஐம்பது, நூறு பிரதி போடுகிற சின்ன நிறுவனங்கள் வெற்றுத் தட்டு வாங்கி, வீட்டுக் கணினியிலேயே எழுதிக் கொடுத்தன. அதில் இசை இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் துணியை வெளுப்பது போலவே அந்தச் சாயத்தையும் வெளுத்துவிடும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழியில் அந்த இசை வெளியே வந்தே இருக்காது. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிப்பக்கம் பச்சையோ நீலமோ அடித்தால் அது சாயத் தட்டு. சாயல் மிக மெலிதான வகையும் உண்டு என்பதால் நிறுவனத்திடமே கேட்டுவிடுவது நல்லது.

அச்சடித்த சிடி என்றால் கவலை விட்டது என்றும் இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் ஓர் ஆலை 1988 முதல் 1993 வரை அச்சடித்த தட்டுகள் பல, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகிப் பாடாமல் போயின. மேல்பூச்சு, உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. சிறிய நிறுவனங்களின் வெளியீடுகளும் அதில் நிறைய.

எல்பி என்கிற பெரிய வினைல் இசைத்தட்டின் கதை வேறு. அலுமினியத் தட்டின் மேல் பூசிய மெழுகு போன்ற ‘லாக்கர்’ என்ற பூச்சில் இசையை வெட்டி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, அதைக் கொண்டு பிவிசியை அழுத்துகிறார்கள். இங்கும் ஆரம்பச் செலவுதான் பெரிது; பல ஆலைகள் 300, 500 என்று குறைந்தபட்ச ஆர்டர் கேட்பது அதனால்தான். ‘300 பிரதிகள் மட்டுமே’ என்ற வரியில் பல நேரம் கலைஞரின் பிடிவாதத்தைவிட ஆலையின் விலைப்பட்டியல் அதிகம். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் ஊரில் லாக்கர் தட்டு செய்யும் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, உலகத்துக்கே லாக்கர் கொடுக்க ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம்தான் மிஞ்சியது.

முந்நூறுகூட முடியாதவர்களுக்கு ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக வெட்டும் முறை இருக்கிறது. நியூசிலாந்தில் பீட்டர் கிங் என்பவர் பாலிகார்பனேட் தகடுகளில் இப்படி வெட்டிக் கொடுத்ததால், இருபது முப்பது பிரதி போடுகிற நிறுவனங்களுக்கும் இசைத்தட்டு சாத்தியமானது. பக்கத்துக்கு 20 நிமிட இசை என்றால் ஒரு தட்டுக்கு 40 நிமிடம். ஐம்பது தட்டுக்கு 33 மணி நேரம் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். எனக்கு இந்த வேலையின் மேல் தனி மரியாதை உண்டு. ஆனாலும் இரைச்சல் கூடுதலாக இருக்கும். பழைய பாட்டுப் பெட்டியின் கனத்த முள்ளை இதன் மேல் வைத்துவிடாதீர்கள்.

எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் 1988 நவம்பரில் நிர்வாணா என்ற ராக் இசைக்குழுவின் முதல் சிங்கிளான (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) ‘லவ் பஸ்’ஸை 1,000 பிரதிகள், கையால் எண்ணிட்டு வெளியிட்டது. பின்னாளில் போலிகளும் கிளம்பின. எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? விஷயம் தெரிந்தவர்கள் பாட்டு முடிந்து, தட்டின் நடுவில் ஒட்டிய தாளுக்கு முன் வரும் வெற்று வளையத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் கிட்டாரைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி வாங்கலாமே என்ற பொருளில் ஒரு கிண்டல் வரி கீறியிருக்கும். இன்று சிலர் சிவப்பில் 300, நீலத்தில் 300, கறுப்பில் 400 என்று பிரித்து மூன்றையும் அரியது என்று விற்கிறார்கள். மொத்தம் ஆயிரம் என்று கூட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நம் ஊர் வெயிலுக்கு: தட்டை நிமிர்த்தியே வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். மெத்தென்ற பிவிசி மேலுறை தட்டின் மேல் மங்கலான படலம் விடும். பாலிஎத்திலீன் உறை வாங்குங்கள். சாயத் தட்டு என்றால் கையில் வந்த அன்றே, பிழை சரிபார்க்கும் மென்பொருளில் நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பெரிய நிறுவனத்தின் ஆல்பம் போனால் இன்னொன்று கிடைக்கும். இங்கே 75-உம் வெளுத்தால், மூலம் வைத்திருந்தவரின் கணினியும் போயிருந்தால், அந்த இசை அவ்வளவுதான்.

பென்சில் எண்காரருக்கு முதல் மூன்று பாட்டுகள் சுத்தமாக வந்தன, நான்காவதில் பாதி. பிறகு வெளிநாட்டில் ஒருவர் இன்னொரு பிரதியை விற்பதாகக் கண்டுபிடித்தார். விலை பேசும் முன் அடிப்பக்கத்தின் படம் கேட்கச் சொன்னேன். வந்தது: 58/75, அதே வெளிர் பச்சை, ஓரத்தில் கறை இல்லை. வாங்கிவிட்டார். பார்சல் வந்ததும் பிரிக்காமல் நேராக என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.